ரோஸ் கலர் மோகினி

அசையாதே என்று சொன்ன பிறகுதான் மூக்கு அரிக்கிறது, அதுவரை எனக்கு மூக்கு என்று ஒன்று இருந்ததே தெரியாது. சனிக்கிழமை காலை பதினொன்று, சாலிகிராமத்தில் மூடிப்போன ஒரு டப்பிங் தியேட்டரின் மூன்றாவது மாடி, துணி பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள், நான் ஒரு ஸ்டூல் மேல் பேயாக நின்றுகொண்டிருக்கிறேன். சாதாரணப் பேய் இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் வந்த ‘பாழ்மனை மோகினி’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் பேய். அதில் நீலரேகா என்ற நடிகை கட்டிக்கொண்டு புகைக்குள் நடந்த புடவையை யாரோ எப்போதோ கரித்துணி ஆக்கிவிட்டதால், என் அம்மா பிலோமினா அதைப் புதிதாக, ஆனால் பழையதாக, செய்துகொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை கண்காட்சி திறக்கிறது. பழைய மாந்திரீகப் படங்களின் உடைகள், மும்பைக் கம்பெனி ஒன்று நடத்துகிறது, ஏசி ஹால், கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பேய். நீலரேகா அந்தக் காலத்தில் ஐந்தடி ஒரு அங்குலம், ஈர்க்குச்சி. நானும் ஐந்தடி ஒரு அங்குலம், ஈர்க்குச்சி. கடைப் பொம்மைகளெல்லாம் மூன்று பிள்ளை பெற்ற மாதிரி இருப்பதால் என்மேல் வைத்துக் குத்தி, கொசுவத்தைப் பாவாடையோடு சேர்த்துத் தைத்து, அப்புறம் கழற்றி ஏதோ ஒரு மெலிந்த பொம்மைக்கு மாட்டுவார்கள். அம்மா என் காலடியில் முட்டிபோட்டிருக்கிறாள், வாய் நிறைய குண்டூசி. குண்டூசியோடு பேசுவதற்கு அவளுக்கென்று ஒரு பாஷை உண்டு, உதடு அசையாது, ஒரே ஒரு ‘ம்’, அதுவே ஆமாம், அதுவே இல்லை, அதுவே வீட்டுக்கு வா உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். “தி(ர்)ம்பு” என்கிறாள். திரும்புகிறேன். கொசுவத்தின் அடி விளிம்பில் இரும்பு வாஷர் கோத்துத் தைத்திருக்கிறாள், சைக்கிள் கடையில் கிடைப்பது, அது கணுக்காலில் டொக் டொக் என்று இடிக்கிறது. படத்தில் முந்தானை மட்டும் பறக்கிறதாம், கொசுவம் அசையவே இல்லையாம், அப்படியானால் அடியில் கனம் வைத்திருக்கிறார்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். பெரிய கண்டுபிடிப்பு. பேய் மிதக்கிறது என்று ஊரே வாய் பிளந்தது, கீழே சைக்கிள் வாஷர்.

மூன்று வாரமாக நாங்கள் இருவரும் செல்போனைக் குக்கர்மேல் சாய்த்துவைத்துப் பன்னிரண்டு பேய்ப்படம் பார்த்துவிட்டோம், அம்மா துணியைப் பார்த்தாள், நான் சிரித்தேன். எத்தனை ஏமாற்று! மந்திரவாதி என்றால் கறுப்பு அங்கி, அந்த அங்கி குடைத்துணி, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கம்பி முனை கோத்த ஓட்டைகூடத் தெரிகிறது, ஈரேழு உலகத்தையும் பஸ்பமாக்கப் போகிறவன் தோளில் யாரோ ஒரு வாத்தியார் நான்கு மழைக்காலம் பிடித்துப்போன குடை. “அடேய்ய்... அற்ப மானிடா...” என்று அவன் கர்ஜிக்கும்போது எனக்கு அந்த வாத்தியார்தான் ஞாபகம் வருகிறார், பாவம், நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போயிருப்பார். அவன் உட்காரும் புலித்தோல் வெல்வெட் போர்வை, அதன்மேல் யாரோ பெயிண்டால் புள்ளி வைத்திருக்கிறார்கள். புலிக்குக் கோடு என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள், அந்தப் பெயிண்டர் எந்த வகுப்போடு நின்றாரோ. கபால மாலை, தேங்காய்ச் சிரட்டைக்குச் சுண்ணாம்பு அடித்தது. தேங்காய்க்குப் பிறவியிலேயே மூன்று கண் இருப்பதால் எல்லா மண்டையோடும் மூன்று கண்ணால் முறைக்கிறது, அதை யாருமே கவனிக்கவில்லை, டைரக்டர் கவனிக்கவில்லை, கேமராமேன் கவனிக்கவில்லை, அறுபது வருஷமாகப் பயந்தவர்கள் கவனிக்கவில்லை. பேய்க்குக் காலே கிடையாதாம், ஆனால் கொலுசு உண்டு. செத்து நூறு வருஷம் ஆனவளாம், ஆனால் அந்த வருஷத்து ஃபேஷனில் கை இறுக்கின ரவிக்கை, அப்படியானால் பேய்க்கும் ஒரு டெய்லர் இருந்திருக்கிறான், நாள் குறித்து அளவு எடுத்து, முன்னால் கொக்கியா பின்னால் கொக்கியா என்று கேட்டு. அவன் பேர்தான் டைட்டிலில் இல்லை. அம்மா அங்கே மட்டும் சிரிக்கவில்லை. பதினான்கு வருஷமாக அவள் சினிமாவில் காஸ்ட்யூம் அசிஸ்டண்ட். சங்கத்தில் டிசைனர் கார்டு வேண்டுமானால் உன் பேர் அச்சான ஒரு வேலையைக் காட்டு என்பார்கள், பேர் அச்சாக வேண்டுமானால் உன்னிடம் கார்டு இருக்கிறதா என்பார்கள். இந்த மோகினிதான் அந்தச் சுற்றில் விழுந்த ஒரே ஓட்டை. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ‘மறு உருவாக்கம்: பிலோமினா ஆரோக்கியசாமி’ என்று எழுதுவார்கள், சங்கத்துப் பெரியவர்கள் திங்கட்கிழமை வந்து பார்ப்பார்கள், கண்காட்சிக்காரர் ஒரு கடிதம் தருவார், கார்டு வரும். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு அட்டை. அதற்காக மூன்று வாரம் ராப்பகலாக ஒரு செத்த புடவையோடு குடும்பம் நடத்தினாள்.

அந்தக் கண்காட்சிக்காரர்தான் நீரஜ். க்யூரேட்டராம். லினன் சட்டை, கசங்குவதற்கென்றே இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும், கழுத்தில் ஒரு இன்ச் டேப்பைத் தொங்கவிட்டிருப்பார், அதை வைத்து அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை, டாக்டர் மாப்பிள்ளை ஸ்டெதாஸ்கோப் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வருகிற மாதிரி. அவர் குரலில் பேசிக்காட்ட எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. மூக்கின் பாதி, தொண்டையின் பாதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு ‘மா’. “வெள்ளைங்கறது கலரே இல்ல மா. வெள்ளைங்கறது ஒரு இல்லாமை மா.” இல்லாமையாம்! எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்தால் அது இல்லாமை. போன புதன்கிழமை அம்மா அவரிடம் ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள், “சார், சுத்த வெள்ளை கட்டியிருந்தா அந்த லைட்டுக்கு எரிஞ்சுபோய் வெறும் காகிதமாத் தெரியும். இதுல கொசுவம் ஒவ்வொண்ணும் எண்ணலாம். அப்போ இது வெள்ளை இல்ல சார், டீத்தண்ணில முக்கின வெளிர் மஞ்சள். கேமராவுக்கு வெள்ளையாத் தெரியறதுக்காக மஞ்சள்.” அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “பிலோமி, அது டெய்லர் மூளை மா. நான் டிசைன் பேசறேன்.” அம்மா “சரிங்க சார்” என்றாள். அந்தச் ‘சரிங்க சார்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும், பதினான்கு வருஷமாக ஒரே சுருதி, கோயில் மணி மாதிரி, யார் இழுத்தாலும் அடிக்கும். போனை வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு டீத்தூளைக் கொதிக்கவைத்துப் புடவையை முக்கினாள், மறுநாள் நீரஜ் வந்து பார்த்து “பர்ஃபெக்ட் வைட்” என்றார், அம்மா “சரிங்க சார்” என்றாள். எனக்குத்தான் ஆறவில்லை. டெய்லர் மூளையாம். அதனால்தான் வியாழக்கிழமை சாயங்காலம் என் கிளாஸ் ரெஹானா வீட்டு மாடியில் அவள் அண்ணனுடைய பழைய போனிலிருந்து நீலரேகாவாக அவருக்குப் போன் செய்தேன்.

அதை நினைத்தால் இப்போதும், இந்த நிலைமையிலும், வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடுகிறது, அடக்கினால் தோள் குலுங்கும், தோள் குலுங்கினால் ஊசி ஏறும். நீலரேகாவுக்கு இப்போது எண்பது. யாரையும் பார்ப்பதில்லை, போனை மகன்தான் எடுப்பான், எடுத்துத் திட்டுவான், நீரஜே நான்கு தடவை வாங்கிக்கட்டிக்கொண்டவர். ஆனால் யூடியூபில் அந்தம்மாவின் பழைய பேட்டி ஒன்று இருக்கிறது, ஐம்பது நிமிஷம், அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் தூங்கினேன். குரலின் நடுவில் கொஞ்சம் சரளைக்கல் உருளும், ‘ர’ வந்தால் தடுமாறும், எல்லோரும் ‘கண்ணா’. “கண்ணா... நான் நீலரேகா பேசறேன். என் பையனுக்குத் தெரியாம பேசறேன், திருப்பிக் கூப்பிடாதே, திட்டுவான்.” அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. “மோகினிக்கு வெள்ளைப் புடவைன்னு ஊரெல்லாம் சொல்றாளே கண்ணா, அது வெள்ளை இல்லே.” “அப்புறம்... என்ன கலர் மா?” எனக்கு எதிரே ரெஹானாவின் வாப்பாவுக்கான வயிற்று மருந்து பாட்டில் இருந்தது. “ரோஸ். இளம் ரோஸ். நான் கல்யாணமாகாமப் போனவ வேஷம் இல்லியா, அதனால டைரக்டர் ரகசியமா ரோஸ் கட்டச் சொன்னார். வெளியே சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிண்டார்.” ரெஹானா தலையணையைக் கடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். என் ஆயுசிலேயே மிகச் சிறந்த மூன்று நிமிஷம். பள்ளிக்கூட மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் குரலில் அரைநாள் லீவு விட்டதெல்லாம் இதற்கு முன்னால் பிள்ளை விளையாட்டு. அவர் அம்மாவிடம் வந்து உளறுவார், அம்மா நாசூக்காகச் சிரிப்பாள், அவருக்கே ஒருநாள் உறைக்கும், இதுதான் கணக்கு. அந்த ஆள் போனைப் பதிவுசெய்வார் என்று யார் கண்டது? பேட்டி எடுக்கிறவர்களுக்கு அது வழக்கமாம், யார் பேசினாலும் பதிவு ஓடிக்கொண்டே இருக்குமாம்.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் இந்த அறைக்குள் ஓடிவந்தார். நடந்து வரவில்லை, ஓடிவந்தார், கையில் ஒரு நீல பக்கெட், பக்கெட்டுக்குள் சாயப் பொட்டலம். “நிறுத்துங்க மா, எல்லாத்தையும் நிறுத்துங்க. ரோஸ்!” அம்மா வாயில் ஊசியோடு நிமிர்ந்தாள். மும்பைக்கு எழுதிவிட்டாராம், பத்திரிகைகளுக்குக் குறிப்பு போய்விட்டதாம், ‘அறுபது வருட ரகசியம், மோகினி உடுத்தது ரோஜா நிறம்’. அம்மா ஊசிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, நான் பிறந்ததிலிருந்து கேட்டறியாத ஒரு காரியம் செய்தாள். “இல்ல சார்” என்றாள். “இதை முக்கிட்டா திருப்ப முடியாது சார். இந்த அகலத்துல நெய்ய ஆளே இல்ல, ஒரே புடவைதான். சங்கத்துலேருந்து வர்றவங்க அந்தக் காலத்து ஆளுங்க, நீலரேகாம்மாவுக்கே துணி மடிச்சுக் குடுத்தவங்க. ரோஸைப் பாத்தா என்னைத்தான் சிரிப்பாங்க. என் பேர்தான சார் கீழ இருக்கப்போவுது.” நான் ஸ்டூல் மேல் பெருமையில் ஒரு அங்குலம் வளர்ந்துபோனேன், ஐயோ, அப்படிப் போடு. நீரஜ் மூக்கை விடைத்தார். “கட்டினவங்களே சொல்றாங்க மா. கட்டினவங்களைவிட உங்களுக்குத் தெரியுமா?” என்று போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, என்னைப் போட்டார். அறை முழுக்க நான். கண்ணா நான் நீலரேகா பேசறேன். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா, வெட்கமில்லாமல் சொல்கிறேன், முதல் நொடியில் எனக்குத் தோன்றியது அதுதான், சரளைக்கல் எப்படி உருள்கிறது பார். இரண்டாவது நொடியில் என் இடுப்பில் கொசுவத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. இரண்டு விரல் துணிக்கு மேல், கட்டைவிரல் துணிக்கு உள்ளே என் தோல்மேல். அப்படியே நின்றது. போன் பேசி முடிந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் முகத்தில் ஏதாவது கோணங்கி காட்டித் தப்பித்திருப்பேன். நீரஜைப் பார்த்தாள். “சரிங்க சார். ரோஸே போட்டுரலாம்” என்றாள். அதே சுருதி, அதே மணி. குனிந்து, குத்தின ஊசிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்துவிட்டாள்.

தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும், நடுவில் ஒரு முட்டாள் பக்கெட்டோடு நின்று சிரிக்கிறான். தோள் ஊசி போயிற்று. முந்தானை ஊசி போகிறது. கடைசி ஊசி போனால் புடவை பக்கெட்டுக்குள். அவருக்காகவா ‘சரிங்க சார்’ சொன்னாய் அம்மா, எனக்காகச் சொன்னாய், பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ‘இல்ல சார்’ என்றாய், அதையும் நானே வந்து தின்றுவிட்டேன். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? “உங்க பொண்ணு என் போன்ல வந்து கூத்தடிச்சிருக்கா, வெளியே போங்க மா” என்பார், கார்டு போச்சு. சொல்லாவிட்டால்? திங்கட்கிழமை சங்கத்துக் கிழவர்கள் வருவார்கள், வெற்றிலைச் சிரிப்பு சிரிப்பார்கள், ‘யார்றா இது மோகினியைப் பஞ்சு மிட்டாய் ஆக்குனது’, கீழே குனிந்து பேரைப் படிப்பார்கள், கார்டு போச்சு, பேரும் போச்சு. அப்படியென்றால் சொல்வதுதானே லாபம் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்கிறது, இந்த வாய், எட்டு மாதத்தில் பேசின வாய், மெட்ரோ ரயில் அறிவிப்பு முதல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வரை எதையும் விட்டுவைக்காத வாய். மூக்கு அரிக்கிறது. அக்குளில் வேர்வை இறங்குகிறது, டீக்கறை மேல் வேர்வைக்கறை, யாருக்கு வேண்டும் இனி. இப்படித்தான் முன்பு ஒரு தடவை, அதை இப்போது நினைக்கவேண்டாம், வேண்டாம் என்றால் வருகிறது. அப்பா கோயம்புத்தூரில் இன்னொரு வீடு பார்த்துக்கொண்டு போய் எட்டு மாசம், எனக்கு ஒன்பது வயது, ஒரு மத்தியானம் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் குரலில் “பிலோமி, தண்ணி” என்றேன். அவர் சொல்லுகிற அதே அலுப்பில். அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அம்மா ஒரு டம்ளர் தண்ணியோடு ஓடிவந்தாள், தளும்பி மணிக்கட்டெல்லாம் ஈரம், கதவைத் திறந்தால் நான். சிரித்துக்கொண்டே நின்றேன். அவள் அடிக்கவில்லை. “குடி” என்றாள். முழுசையும் குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். தாகமே இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணி குடிப்பது எவ்வளவு நேரமாகும் என்று தெரியுமா உங்களுக்கு? இப்போதும் அவள் அப்படித்தான் ஊசி உருவுகிறாள். அவசரமில்லாமல். இடுப்பு ஊசி போயிற்று. நீரஜ் பாத்ரூம் குழாயில் தண்ணி பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழிக்கிறார், ரோஸ் பொடி கொஞ்சம் அவர் உதட்டில் ஒட்டுகிறது, மோகினிக்கு முன்னால் அவர் பூசிக்கொண்டுவிட்டார்.

“அது நான்” என்றேன். “எது நீ?” என்றார் பொட்டலத்தோடு. “போன்ல பேசினது. நீலரேகா இல்ல, நான்.” அம்மா “ஏஞ்சு” என்று என் பேரை மெதுவாகச் சொன்னாள், அந்த ஒரு வார்த்தையில் வாயை மூடு, மூடிடு, நான் பாத்துக்கறேன் எல்லாம் இருந்தது. நீரஜ் சிரித்தார். “க்யூட். அம்மாவைக் காப்பாத்தறியா? எனக்கு அவங்க குரல் தெரியும் மா, நான் அந்தக் குரல் கேட்டு வளந்தவன்.” வளர்ந்தாராம்! நான் முதுகைக் கொஞ்சம் வளைத்தேன், தாடையைத் தளர்த்தினேன். “கண்ணா, திருப்பிக் கூப்பிடாதேன்னேனே, என் பையன் திட்டுவான்” என்றேன். தெருவில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போகிற சத்தம் மூன்று மாடி ஏறி வந்தது. நீரஜின் முகத்துக்கு எந்த உடுப்பைப் போட்டுக்கொள்வது என்று தெரியவில்லை, கோபத்தை எடுத்துப் பார்த்தது, அளவு சரியில்லை, சிரிப்பை எடுத்துப் பார்த்தது, கிழிந்தது, கடைசியில் ஒன்று பொருந்திவிட்டது. ஆசை. “இன்னும் ஏதாவது பேசு” என்றார். பக்கெட்டைக் கீழே வைத்தார். “பிலோமி, இங்க பாருங்க மா. இது நம்ம மூணு பேரோட போகட்டும். மும்பைக்கு ரோஸ்னு சொல்லியாச்சு, பேப்பர்ல வரப்போவுது, ஜனங்களுக்கு ரகசியம்னா பிடிக்கும். ரோஸே இருக்கட்டும். இவ அந்தக் குரல்ல ஒரு பத்து நிமிஷம் பேசட்டும், நான் எழுதித் தரேன், ஹால்ல ஓடவிடலாம், நீலரேகாவே பேசற மாதிரி. அந்தம்மா பையன் கேஸ் போட்டா அப்போ பாத்துக்கலாம். உங்க பேரைப் பெருசாவே போடறேன். கடிதம் இன்னிக்கே.” கவனியுங்கள், உண்மை என்னவென்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மஞ்சளா, வெள்ளையா, அறுபது வருஷம் முன்னால் ஒரு மெலிந்த பெண் எதைக் கட்டிக்கொண்டு புகையில் இருமினாள், கேட்கவே இல்லை. குடைத்துணி அங்கிக்காரன் எவ்வளவோ தேவலை, அவனாவது உலகத்தை அழிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னான்.

அம்மா எழுந்து நின்றாள். முட்டியில் இரண்டு வட்டமாகத் தூசி. “சார், அப்போ கீழ உங்க பேரைப் போட்டுக்குங்க” என்றாள். “யோசிச்சுப் பேசுங்க மா. கடிதம் நான் குடுத்தாத்தான்.” “தெரியும் சார். டீ முக்கினது நான், அது என் வேலை. ரோஸ் உங்க வேலை, உங்க பேர்.” “சரி, பொண்ணு?” “அதை அவளைக் கேளுங்க.” அவர் என் பக்கம் திரும்பி, எனக்கு நாற்பது வயது என்கிற மாதிரி மரியாதையாக, “என்ன சொல்றே ஏஞ்சலின்?” என்றார். பதினாறு வருஷமாக நான் செய்கிற ஒவ்வொன்றையும் செய்யாதே செய்யாதே என்று உலகம் கத்தியிருக்கிறது, முதல் தடவையாக ஒருவர் தயவுசெய்து செய் என்கிறார், அந்த நொடியே அது ஊசிப்போன தோசைமாவு மாதிரி ஆகிவிட்டது, எவ்வளவு கேவலமான ஆள், ஒரு குறும்பைக்கூட நாறவைக்கத் தெரிந்திருக்கிறது. நான் மூக்கின் பாதியையும் தொண்டையின் பாதியையும் எடுத்துக்கொண்டேன். “வேண்டாம்கறது ஒரு பதில் இல்ல மா” என்றேன், “வேண்டாம்கறது ஒரு இல்லாமை மா.” அவருக்குத் தன் குரலே புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் காது சிவந்தது, இளம் ரோஸில் ஆரம்பித்து நல்ல ரோஸ். அம்மா மிச்ச ஊசிகளை உருவினாள், நான் பாத்ரூமில் சுடிதாருக்கு மாறி வந்ததும் புடவையை எட்டாக மடித்து, தடவி, அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டார். “இதை... எப்படி முக்கணும்?” “தண்ணில பொடியப் போட்டுக் கலக்குங்க. புடவைய விடுங்க. அவ்வளவுதான் சார்” என்றாள் அம்மா. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எத்தனை துணிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறோம், கொதிக்கிற தண்ணி வேண்டும், ஒரு கை கல்லுப்பு வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், சொறி வந்த மாதிரி. அம்மா கத்தரிக்கோலை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒன்றுமே இல்லை, பாத்திமா மாதா சுரூபம்போல அப்படி ஒரு சாந்தம்.

படி இறங்கினோம். முதல் மாடி வந்தது. நான் “கல்லுப்பு?” என்றேன். “கேக்கலியே” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவள் சிரிக்கவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள், மூன்று வாரம் முட்டிபோட்டதில் முட்டி மடங்கவில்லை. ஆற்காட்டு ரோட்டில் வெயில் தலையைப் பிடித்து அமுக்கியது. பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்றதும், “நீலரேகாம்மாவுக்கு ரெண்டு தடவ ரவிக்கை அளவு எடுத்திருக்கேன், உனக்கு மூணு வயசு, ஏதோ சீரியல்ல மாமியாரா வந்தாங்க” என்றாள். “அவங்க பேசறதுக்கு முன்னாடி மூக்கால மூச்ச இழுத்து, நெஞ்சுல ஒரு நிமிஷம் வச்சிருப்பாங்க. டேப்பைச் சுத்திப் பிடிச்சிக்கிட்டு நான் அதுக்காகக் காத்துக்கிட்டு நிப்பேன், அவங்க விட்டப்புறம்தான் அளவு. நீ வாயால இழுக்கற. பிறந்ததுலேருந்து அப்படித்தான் இழுக்கற. ‘கண்ணா’ன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு.” தலையை ஆட்டினேன். “கார்டு?” என்றேன். “மார்ச்சுல மனு வாங்குவாங்க. எவனாவது ஒருத்தன் பேர் போடற வேலை குடுத்தா பாப்போம்” என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் சொன்னதில் எவனாவது என்ற இடம் கொஞ்சம் நடுங்கியது, அதை என்னால் திருப்பிச் செய்து காட்டமுடியும், அச்சு அசலாக முடியும், செய்யவில்லை. பஸ் வந்தது. லேடீஸ் சீட்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. “உக்காரு, ஒரு மணி நேரமா நின்னுட்ட” என்றாள். “நீ உக்காரு” என்றேன். “உக்காருடீ.” “முடியாது, நீதான்.” அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நானும் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தச் சீட் வெறுமையாகக் குலுங்கிக்கொண்டே வந்தது. விருகம்பாக்கத்தில் காய்கறிக் கூடையோடு ஏறின ஒரு பொம்பளை எங்களை மேலும் கீழும் பார்த்தாள், இரண்டு பைத்தியங்களைப் பார்க்கிற பார்வை, பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள்.